நம்பர் வரலீங்க

போன மாதம் அந்த ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். போயிருக்கக் கூடாது. வாசலில் புதிதாக ஒரு பூங்கா வைத்திருக்கிறார்கள். பூங்கா என்றால் நாலு குரோட்டன்ஸ் தொட்டி, ஒரு சிமெண்ட் வாத்து. வாத்துக்குப் பக்கத்தில் மேடை கட்டி, பழைய சிக்னல் கேபினிலிருந்து பிடுங்கிய இரண்டு லீவர்களை அதில் நட்டு, தலையிலிருந்து கால்வரை வெள்ளிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கீழே பலகை: 'நமது பாரம்பரியம்'. ஒரு குடும்பம் தன் குழந்தையை அந்த லீவரில் தொங்கவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

லீவரின் கைப்பிடிக்கு யாரும் பெயிண்ட் அடிக்க மாட்டார்கள். அது வெறும் எஃகு. கை வேர்வை பட்டால் துரு ஏறும் என்று துணி வைத்துத்தான் பிடிப்பார்கள். வெறுங்கையால் தொட்ட ஒரு இன்ஸ்பெக்டரையே ஒருவர் முறைத்துப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கைப்பிடிக்கும் சேர்த்து வெள்ளி பூசிய மகராசன் யார் என்று தெரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் பெயிண்ட் அடித்தவன் மேல் கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது? அந்தக் கேபினை இடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான்தானே.

அங்கே இருபத்தாறு வருஷம் நின்றவரை நாங்கள் எல்லோரும் 'கேபின்' என்றுதான் கூப்பிடுவோம். ஃபோனை எடுத்து "கேபின்!" என்றால் "சொல்லுங்க சார்" என்று குரல் வரும். கட்டடத்துக்கும் ஆளுக்கும் ஒரே பெயர். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டுவிட்டு, இப்போது இதில் எழுதி நல்ல பெயர் வாங்கிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் அங்கே உதவி ஸ்டேஷன் மாஸ்டராகச் சேர்ந்தபோது மீட்டர் கேஜ் ஓடிக்கொண்டிருந்தது. பிளாட்பாரம் முடிந்து கொஞ்ச தூரத்தில், லெவல் கிராசிங்கை ஒட்டிக் கேபின் நின்றது. கீழே செங்கல், மேலே மரம், மூன்று பக்கமும் கண்ணாடி ஜன்னல். மாடியில் பதினாறு லீவர்கள் வரிசையாக. சிவப்பு சிக்னலுக்கு, கறுப்பு தண்டவாளத்தை மாற்ற, நீலம் பூட்ட. முறைப்படி இழுத்தால்தான் ஒன்றையடுத்து ஒன்று வரும். முறை தவறினால் பத்துப் பேர் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. வடக்கு ஜன்னலில் கல்வராயன் மலை. மலை மங்கினால் கேபின் ஃபோன் செய்து, "சார், கரியாலூர்ல மழை. துணி காயப்போட்டிருந்தா எடுத்துக்கச் சொல்லுங்க வூட்ல" என்பார். வேலை தவிர அவர் பேசியது அவ்வளவுதான்.

ரயில்வேயில் பிரைவேட் நம்பர் என்று ஒன்று உண்டு. ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு தாள் இருக்கும். அதில் முன்னுக்குப் பின்னாக இரண்டு இலக்க எண்கள் அச்சடித்திருக்கும். ரயில் வருகிறது, இந்த லைனில் வாங்கு என்று கேபினுக்கு ஃபோனில் சொன்னால் மட்டும் போதாது. தாளில் அடுத்த நம்பரைச் சொல்லி, சொன்னதைப் பேனாவால் அடித்துவிட வேண்டும். கேபின்காரர் அதை நேரத்தோடு தன் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார். நம்பர் வந்தால்தான் சொன்ன வார்த்தை வார்த்தை. கேட்டை மூடாமல் மூடிவிட்டேன் என்று நம்பர் கொடுப்பதைவிடப் பெரிய பாவம் எங்கள் தொழிலில் கிடையாது. குடித்துவிட்டு வந்தவனைக்கூட மன்னிப்பார்கள். பொய் நம்பர் கொடுத்தவனோடு சேர்ந்து டீ குடிக்க மாட்டார்கள்.

எல்லோருக்கும் இது டியூட்டி. அவருக்கு இது மூச்சு.

எங்கள் பெரிய ஸ்டேஷன் மாஸ்டர் அவரை 'டா' போட்டுத்தான் பேசுவார். "டேய் கேபின், ஒண்ணாவது லைன்ல வாங்குடா." அந்தப் பக்கத்திலிருந்து நிதானமாக, "நம்பர் குடுங்க சார்." டா போட்டாலும் நம்பர் கொடுத்தாக வேண்டும். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு தாளைத் தேடுவார். எனக்கு உள்ளூரச் சிரிப்பாக இருக்கும்.

டியூட்டிக்கு வெளியேயும் அவர் அப்படித்தான். ஸ்டேஷன் டீக்கடைக்காரர் "இதோ பால் வந்துடும்" என்றால், "நம்பர்?" என்பார். கடைக்காரரும் சளைக்காமல் "முப்பத்திரண்டு!" என்று கத்துவார். கடையே சிரிக்கும். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். பால் வராவிட்டால் மறுநாள் அந்தக் கடைக்கு வரவும் மாட்டார். "நம்பர் குடுத்துட்டுப் பால் ஊத்தாதவன் கடையில எனக்கு இன்னா வேல?"

பெண்ணுக்கு வடக்கனந்தலில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பேச்சு முடிந்து பாக்கு வெற்றிலை மாற்றுகிற நேரத்தில், சம்பந்தியைப் பார்த்து, "ஒரு நம்பர் சொல்லுங்க" என்றிருக்கிறார். அந்த மனுஷர் விழித்திருக்கிறார். பக்கத்தில் இருந்த யாரோ, "சும்மா எதாவது ஒண்ணு சொல்லிடுங்க மாமா, அவர் அப்படித்தான்" என்றதும், "பதினெட்டு" என்றிருக்கிறார். கேபின் பாக்கெட் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். ரெண்டு மாதம் கழித்து மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தைத் தள்ளிப்போடப் பார்த்தார்கள். இவர் சைக்கிளில் போய் அவர்கள் வாசலில் நின்று, "பதினெட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை நின்றிருக்கிறார். சத்தம் போடவில்லை, பஞ்சாயத்து வைக்கவில்லை. சொன்ன தேதியில் கல்யாணம் நடந்தது. நான் போய்ச் சாப்பிட்டேன்.

அவர் தன் பக்கத்திலிருந்து லேசில் நம்பர் கொடுக்க மாட்டார். திருவிழாவுக்கு வாங்க என்று கூப்பிட்டால் "பாக்கலாம்" என்பார். கொடுத்துவிட்டால், கோமுகி அணை திறந்து ரோட்டில் தண்ணீர் போனாலும் வந்து நிற்பார்.

இப்போது என் யோக்கியதையைச் சொல்கிறேன்.

ஒருமுறை மேலதிகாரி ஒருவர் ஸ்பெஷல் ரயிலில் இன்ஸ்பெக்‌ஷன் வந்தார். ஸ்டேஷனே சுண்ணாம்பு வாடை. மாலை எங்கே, இளநீர் எங்கே என்று நான் பறந்துகொண்டிருந்தேன். கேபினுக்கு ஃபோன் செய்து, "ரெண்டாவது லைன்ல வாங்குங்க, சிக்னல் போடுங்க" என்று சொல்லிவிட்டு டக்கென்று வைத்துவிட்டேன். நம்பர் கொடுக்கவில்லை. அவர் திரும்பத் திரும்ப மணி அடித்திருக்கிறார். எடுக்க ஆள் இல்லை. எல்லோரும் பிளாட்பாரத்தில் மாலையோடு நிற்கிறோம். ஸ்பெஷல் ரயில் சிக்னலுக்கு வெளியே, கரும்புக் காட்டுக்கு நடுவில், வெயிலில் பதினோரு நிமிஷம் நின்றது. அதிகாரி இறங்கும்போது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

விசாரணை வந்தது. கேபின் ரிஜிஸ்டரில் அந்த இடம் காலி. என் தாளிலும் எதுவும் அடிபடவில்லை. இதற்குமேல் என்ன விசாரணை வேண்டிக் கிடக்கிறது? ஆனால் வாக்குமூலத்தில் நான், 'நம்பர் கொடுத்தேனா என்பது நினைவில் இல்லை' என்று எழுதினேன். அவரிடம் விளக்கம் கேட்டார்கள். முழு வெள்ளைத்தாளில் ஒரே வரி எழுதிக் கொடுத்தார்: 'நம்பர் வரலீங்க.' சமயோசிதம் இல்லை என்று சொல்லி அவரை எங்கோ ஒரு லெவல் கிராசிங் கேட்டுக்கு எட்டு மாதம் தூக்கி அடித்தார்கள். சட்டப்படி நடந்தவனுக்குத் தண்டனை, மாலை பிடித்தவனுக்கு ஒன்றுமில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

திரும்பி வந்த அன்று ஸ்டேஷன் ரூமுக்கு வந்தார்.

"சார், ஞாபகம் இல்லன்னு எழுதுனீங்களாம்."

"ஆமாங்க... அன்னிக்கு இருந்த கூட்டத்துல..."

"செரி சார். ஞாபகம் வந்தா சொல்லுங்க."

அதன்பிறகு எத்தனையோ வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எடுத்துத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பிறகு எனக்குக் கோட்ட அலுவலகத்தில் மேஜை கிடைத்தது. அவர் ரிட்டயர் ஆனார். மீட்டர் கேஜை எடுத்து பிராட்கேஜ் போடும் வேலை தொடங்கியது. ரயில் நின்றுபோய், கேபின் பூட்டிக் கிடந்தது. ஒருநாள் காலை பதினொன்றரை மணி இருக்கும், கச்சிராயபாளையத்திலிருந்து மூன்று பஸ் மாறி அவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், கேபின இடிக்கப் போறாங்களாமே?"

"யார் சொன்னாங்க?"

"ரெண்டு பேர் வந்து டேப்பு வெச்சி அளந்துகினு போனாங்க. ஒருத்தர் இது பாரம்பரியம், இடிக்கக் கூடாதுன்றாரு. இன்னொருத்தர் பிளாட்பாரம் நீட்டணும், இடிச்சித்தான் ஆவணும்ன்றாரு. இன்னா பண்ணப் போறீங்க?"

நான் ஏதோ பெரிய மனுஷத்தனமாக, "நல்ல கட்டடம்தாங்க அது. இங்கிலீஷ்காரன் கட்டினது, இன்னும் கல்லு மாதிரி நிக்குது" என்றேன். அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ரிட்டயர் ஆகும்வரை பார்க்காத கோபத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இங்கிலீஷ்காரன் கட்டுனா இன்னா, எவன் கட்டுனா இன்னா சார்? செங்கல்லு எல்லா ஊர்லயும் கீது. அதுக்கா நான் பஸ் ஏறி வந்தேன்? நான் வேலைக்குச் சேந்த புதுசுல நடந்தது உங்களுக்குத் தெரியாது."

சொன்னார். அவர் காலனியில் பிறந்தவர். அவருடைய அம்மா ஒருவருடைய காட்டில் கரும்பு வெட்டுவாள். அந்த நிலக்காரர் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்து லெவல் கிராசிங்கில் நின்றார். கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி வர வேண்டும். நிலக்காரர் அண்ணாந்து பார்த்தார். மாடி ஜன்னலில், தன் காட்டில் வேலை செய்கிறவளின் மகன்.

"டேய், யாருன்னு தெரியுதாடா? தொறடா கேட்ட!"

"தெரியுதுங்க. நம்பர் வரலீங்க."

"நம்பராவது மயிராவது! எறங்கி வாடா கீழ!"

"டூட்டிங்க. எறங்கக் கூடாதுங்க."

கால் மணி நேரம். கூட்ஸ் வண்டி முழுசாகப் போகும்வரை நிலக்காரர் வெயிலில் நின்றார். பின்னால் மாட்டு வண்டிகள், சைக்கிள்கள், தலைச்சுமைக்காரர்கள், ஊரே நின்று பார்த்தது. அந்த வருஷம் அம்மாவுக்குக் கரும்பு வெட்டு கிடைக்கவில்லை. அம்மா மகனைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். திட்டி முடித்துவிட்டு, "எவ்ளோ நேரம்டா நின்னான்?" என்று கேட்டிருக்கிறாள்.

"கால் மணிம்மா."

"வெயில்லயா?"

"நல்ல வெயில்."

"அப்பச் செரி, சோத்தப் போட்டுக்கினு தின்னு."

சொல்லி முடித்துவிட்டு என் மேஜை மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"அந்த மாடியில நின்னாத்தான் சார் நான் சொன்னது செல்லும். கீழ எறங்கிட்டா நான் யாரு? எம் பேத்தி பள்ளிக்கூடம் போவுது. அதை ஒருநாள் கூட்டிக்கினு போய் மாடியில நிக்க வெச்சி, இங்க இருந்துதான் உங்க தாத்தன் அத்தினி பேரையும் நிறுத்துனான்னு காட்டணும். இடிச்சிட்டா நான் சொல்றத எவன் நம்புவான்? வாயால சொல்றது காத்து சார்."

பழைய கணக்கு நெஞ்சில் இருந்தது. "இடிக்க மாட்டாங்க. ஃபைல் என்கிட்டதான் வரும். நான் பாத்துக்கறேன், போங்க" என்றேன்.

"நம்பர் குடுங்க சார்."

என்னிடம் ஏது தாள்? எதிரே அரசாங்கப் பீரோ ஒன்று நின்றது. அதன் நெற்றியில் பெயிண்டில் 47 என்று எழுதியிருந்தது. "நாற்பத்தேழு" என்றேன்.

அவர் பாக்கெட் நோட்டை எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியைப் போட்டு எழுதினார். பிறகு நிமிர்ந்து, "தாள்ல அடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

"அடிச்சாச்சு."

அவர் முகம் தெளிந்ததே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். டீ வாங்கித் தருகிறேன் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

ஃபைல் என்னிடம்தான் வந்தது. பழைய கட்டடங்களைப் பற்றி ஒரு படிவம். கட்டிய ஆண்டு, கட்டடக்கலைச் சிறப்பு, வருகை தந்த பிரமுகர்கள், தொடர்புடைய முக்கிய நிகழ்ச்சிகள், கடைசியில் பாரம்பரிய மதிப்பு. நான் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன் என்பது உண்மை. பக்கத்து மேஜையில் இருந்த மூத்தவர் எட்டிப் பார்த்து, "மதிப்பு இருக்குன்னு எழுதினா பத்து கேள்வி வரும். கான்ட்ராக்ட் நிக்கும். ஏன் நின்னுச்சுன்னு உன்னத்தான் கேப்பான். இல்லன்னு எழுதிட்டுப் போவியா" என்றார்.

பிரமுகர்கள்: இல்லை. முக்கிய நிகழ்ச்சிகள்: இல்லை. பாரம்பரிய மதிப்பு: இல்லை.

மிரட்டினார்களா, கழுத்தில் கத்தி வைத்தார்களா என்றால், ஒன்றும் இல்லை. ஒரு தலைவலி மிச்சம் என்று எழுதினேன். வெயிலில் நின்ற நிலக்காரர் அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் வருவார் என்று எனக்குத் தெரியவில்லை என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். 'முக்கிய நிகழ்ச்சிகள்' என்று ஒரு கட்டம் காலியாக எதிரே இருந்தது. எழுத இடமிருந்தது. ஒரு வரி எழுதியிருந்தால், அதைப் படித்துவிட்டு இடித்திருந்தால்கூட, இடித்த பாவம் அவர்களோடு போயிருக்கும்.

ஒரே காலை வேளையில் பொக்லைன் வைத்துத் தள்ளிவிட்டார்கள். மூன்றாம் நாள் அவர் வந்தார். அதே மேஜை, அதே பீரோ. இந்த முறை சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"சார், நாப்பத்தேழு."

நான் பேசினேன். மேலிடத்து முடிவு என்றேன். என் கையில் இல்லை என்றேன். பிளாட்பாரம் நீட்ட வேறு வழியில்லை என்றேன். கடைசியில் நான், "அன்னிக்கு நீங்க கேட்டீங்களேன்னு சும்மா ஒரு நம்பர் சொன்னேங்க. அதைப் போய்..." என்றேன்.

"சும்மாவா?"

அவர் திரும்பி அறையைச் சுற்றிப் பார்த்தார். பீரோவின் நெற்றியில் கண் நின்றது. வெகுநேரம் நின்றது.

"கேட்டு தொறந்து கெடக்குது, நீங்க நம்பர் குடுத்துட்டீங்க" என்றார். அவ்வளவு மெதுவாக.

பிறகு எழுந்தார். "அடிச்சிடுங்க சார். அன்னிக்கே அடிச்சாச்சுன்னு சொன்னீங்க, அடிக்கல." நோட்டை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. ஏன் போகவில்லை என்று என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது, இப்போது தோன்றி என்ன?

இரண்டு வருஷம் கழித்து அவர் இறந்த செய்தியை அந்த டீக்கடைக்காரர்தான் சொன்னார். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? நோட்டு என் வீட்டில், கள்ளக்குறிச்சியில், சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. சொன்னபடி நடந்ததால் பதினெட்டு அடிபட்டிருக்கிறது. பால் வந்த நாட்களில் டீக்கடைக்காரர் கொடுத்த நம்பர்கள்கூட ஒவ்வொன்றாக அடிபட்டிருக்கின்றன. நாற்பத்தேழு மட்டும் அப்படியே இருக்கிறது.

போன மாதம் அந்த வெள்ளி லீவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக மனம் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் போனேன். சின்ன வயசுக்காரர். நானும் ரயில்வேதான் என்றதும் எழுந்து நாற்காலி போட்டார். லீவருக்குப் பதில் மேஜையில் கம்ப்யூட்டர் திரை, அதில் சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள்.

"வெளிய லீவர் வெச்சிருக்கீங்களே, அந்தக் கேபின்ல இருபத்தாறு வருஷம் நின்னவர் பெயர் அந்தப் பலகையில இருக்கணும்" என்றேன். பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு ஒரு பேத்தி இருக்கிறாள் என்றும் சொன்னேன்.

"நல்ல விஷயம் சார். கண்டிப்பா வெச்சிடலாம். அடுத்த மாசமே வெச்சிடலாம்."

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "நம்பர் குடுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ரயில்வேக்காரர், அவருக்குப் புரிந்தது. கை தன்னால் மேஜையில் இருந்த பிரைவேட் நம்பர் தாளின் பக்கம் போனது. பேனா வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. தாளைப் பார்த்தார், நான் எழுதிக் கொடுத்த பெயரைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார்.

அவர் நம்பர் கொடுக்கவில்லை. என்னைவிட யோக்கியன்.